ஈராசிரியர் பள்ளியில் கற்றல் மூலை: எதை வைப்பது, எப்படிப் புழங்க விடுவது?

ஈராசிரியர்

வணக்கம். எங்களுடையது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. மொத்தம் இரண்டே ஆசிரியர். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் என்னிடம். நான்கும் ஐந்தும் எச்.எம்.மிடம். என் மூன்று வகுப்புக்கும் ஒரே அறை, இருபதுக்கு இருபது அடி, ஓட்டுக் கூரை. ஜன்னலை ஒட்டிய மூலையில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்தார்கள். அவற்றை அப்புறப்படுத்தியாயிற்று. அந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு கற்றல் மூலை அமைக்க வேண்டும் என்று ஆசை.

பொருளுக்குப் பஞ்சமில்லை. ஏ.பி.எல். (செயல்வழிக் கற்றல்) காலத்து இரும்பு ரேக் இருக்கிறது. அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு நாங்களே வெட்டி ஒட்டிய மின்னட்டைகள் (பிளாஷ் கார்டு), முகமூடிகள், கைப்பொம்மைகள் ஒரு மூட்டை இருக்கிறது. அரசின் வாசிப்பு இயக்கத்தில் வந்த கதைப் புத்தகங்கள், ‘ஊஞ்சல்’ சிறுவர் இதழ்கள், மணிச்சட்டம், பாதி காலியான கணிதப் பெட்டி எல்லாம் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. அப்படிப் பத்திரமாகவே இருந்துவிடுமோ என்பதுதான் என் கவலை.

வெளியே எடுத்து வைத்தால் ஒரு பருவம் தாங்குமா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே ரேக்கை எப்படிப் பகிர்ந்துகொள்வார்கள்? நான் இரண்டாம் வகுப்போடு உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பக்கம் யார் பார்ப்பது? செய்து பார்த்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். எண்ணுவதற்கு வைக்கலாம் என்று பிள்ளைகள் இப்போதே குன்றிமணியும் புளியங்கொட்டையும் பொறுக்கிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார்கள்.

சுண்ணக்கட்டி

டீச்சர், மற்றதெல்லாம் அப்புறம். குன்றிமணியை முதலில் அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். சிவப்பும் கறுப்புமாக இருக்கும் அந்த விதைக்குள் ஆப்ரின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. தோல் கெட்டி என்பதால் முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். கடித்தாலோ, மாலை கோப்பதற்கு ஊசியால் துளைத்தாலோதான் ஆபத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கை வாய்க்குப் போகாமல் இருக்காது. ஆமணக்கு, காட்டாமணக்கு விதைகளும் வேண்டாம்.

புளியங்கொட்டை நல்லதுதான். ஆனால் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் வயது இது. அதனால் அது மூன்றாம் வகுப்புக்கு மட்டும். சின்னதுகளுக்குப் பாட்டில் மூடி, காலித் தீப்பெட்டி போதும். கண்ணாடிப் புட்டியில் எதையும் வைக்காதீர்கள்.

ஈராசிரியர்

நன்றி சார். பிள்ளைகளிடம் இருந்த குன்றிமணியை எல்லாம் வாங்கி அப்புறப்படுத்திவிட்டேன். வீடுகளுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

கரும்பலகை

நான் ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியன். இந்த விஷயத்தில் நமக்குப் பழைய அனுபவம் நிறைய உண்டு. அதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி அடுத்த ஆண்டே கரும்பலகைத் திட்டம் வந்தது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அத்தியாவசியமான கற்பித்தல் பொருட்கள் என்பது அதன் ஏற்பாடு. உலக உருண்டை, வரைபடம், அறிவியல் பெட்டி, கணிதப் பெட்டி, விளையாட்டுப் பொருட்கள் என்று நல்ல நல்ல சாமான்களாக வந்தன. நான் வேலை பார்த்த இடங்களில் அவற்றில் பாதி, எச்.எம். அறை பீரோவைத் தாண்டி வந்ததில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தொலைந்தால், உடைந்தால் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம். உருண்டை புதிதாகவே இருந்தது, அதைத் தொட்டுச் சுற்றிப் பார்க்காமலே எத்தனையோ பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனார்கள். இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் ஏ.பி.எல். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவியது. ஆந்திராவில் ரிஷி பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள சிறு பள்ளிகளில், பல வகுப்புகள் ஒரே அறையில் உட்காரும் நிலைமைக்காக உருவான முறை அதற்கு மூலம். பாடப் படிகளை வரிசையாகக் காட்டும் ஏணிப்படி அட்டவணையில் பிள்ளை தன் இடத்தைப் பார்க்கும். அங்கே என்ன படம் போட்டிருக்கிறதோ அதே படம் ஒட்டிய ட்ரேயிடம் போகும். அட்டையை எடுக்கும், பாயில் உட்கார்ந்து செய்யும், திருப்பி வைக்கும். அந்த முறையைப் பற்றி எனக்கும் குறைகள் உண்டு. அட்டையே பாடம் ஆகிப் போனது, கூடிப் பேசுவது குறைந்தது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளை யாரையும் கேட்காமல் எழுந்து போய்த் தனக்கு வேண்டியதை எடுத்து, வேலை முடிந்ததும் அதே இடத்தில் வைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது நடக்கும் என்று அதற்கு முன்பு கேட்டிருந்தால் நடக்காது என்றுதான் சொல்லியிருப்பேன்.

அதனால் டீச்சருக்கு என் யோசனை: ரேக்கில் எழுத்தால் பெயர் ஒட்டாதீர்கள், படத்தால் ஒட்டுங்கள். ‘கணிதம்’ என்று அழகாக எழுதி ஒட்டினால் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு மட்டும்தான் அது உதவும். இன்னொன்று, ஏ.பி.எல். காலத்தில் சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகள் உட்கார்ந்தபடி எழுதுவதற்குக் கரும்பலகை பூசியிருப்பார்கள். உங்கள் அறையில் அது மிச்சம் இருந்தால் மறுபடி கறுப்பு அடித்து உயிர் கொடுங்கள். அதைவிட நல்ல கற்றல் பொருள் விலைக்குக் கிடைக்காது.

பனையோலை

ரேக் உயரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சராசரியாக மூன்றேமுக்கால் அடி இருக்கும். ரேக்கின் மேல் தட்டு மூன்று அடிக்கு மேல் போகக் கூடாது. ஏ.பி.எல். ரேக் உயரமாக இருந்தால் மேல் தட்டு உங்களுக்கு, கீழ்த் தட்டுகள் பிள்ளைகளுக்கு என்று பிரித்துவிடுங்கள். மேலே உள்ளதை எட்டி இழுத்து ரேக்கே சாய்ந்துவிடும் ஆபத்து உண்டு, சுவரோடு இரண்டு க்ளாம்ப் போட்டு முடுக்கிவிடுவது நல்லது. ஆனால் முதுகு சுவரில் ஒட்டாமல் இரண்டு விரல்கடை இடைவெளி விடுங்கள். ஓட்டுக் கட்டடத்தில் சுவர் வழியாகத்தான் கரையான் ஏறும். கால்களுக்குக் கீழே செங்கல்.

புத்தகத்தை முதுகு தெரிகிற மாதிரி அடுக்கினால் சின்னப் பிள்ளைகள் எடுக்க மாட்டார்கள். பதினாறு பக்கப் புத்தகத்துக்கு முதுகே கிடையாது. அட்டைப் படம் தெரிய வேண்டும். சணல் கயிறு கட்டித் துணிக் கிளிப்பில் மாட்டலாம். நான் செய்தது வேறு: பழைய பாவாடைத் துணியை அகலமாக எடுத்து, வரிசை வரிசையாகப் பை வைத்துத் தைத்து, மேலே ஒரு சவுக்குக் கம்பு செருகி ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டேன். பைக்கு ஒரு புத்தகம். எலி ஏற வழியில்லை, மழை ஒழுகினால் கழற்றி மடித்து வைத்துவிடலாம்.

பசை காய்ச்சும்போது ஒரு எச்சரிக்கை. பூச்சி வராமலிருக்க மைதா பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவது பைண்டிங் கடைப் பழக்கம். பிள்ளைகள் கையில் புழங்கும் அட்டைக்கு அது வேண்டவே வேண்டாம், அதுவும் விஷம். வேப்பிலை, நொச்சி இலை காய வைத்துப் பெட்டியில் போட்டாலே ஓரளவு தாங்கும்.

தேவதாரு

எல்லாம் சரி. நான் நாற்பது பிள்ளைகள் இருக்கும் அறையிலிருந்து பேசுகிறேன். கணிதப் பெட்டியை வெளியே வைத்த மாதத்திலேயே பகடையும் நாணய மாதிரிகளும் போய்விட்டன. ஆண்டு இறுதியில் இருப்புப் பதிவேட்டைப் புரட்டும்போது பதில் சொல்ல வேண்டியது நான். அதனால் இப்போது என் அறையில் விதி இதுதான்: கொடுத்த வேலையை முடித்தவர்கள் மட்டும் மூலைக்குப் போகலாம், மூன்று பேருக்கு மேல் கிடையாது. அமைதியாக நடக்கிறது. ஈராசிரியர் பள்ளியில் இதைவிட வேறு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எழுத்தாணி

தேவதாரு சார், உங்கள் கஷ்டம் புரிகிறது, ஆனால் இந்த விதியை நான் மறுத்தே ஆக வேண்டும். முடித்தவர்கள் போகலாம் என்றால் யார் போவார்கள்? ஒவ்வொரு நாளும் அதே ஐந்தாறு பேர்தான். வேகமாக எழுதுகிறவர்கள், ஏற்கெனவே படிக்கத் தெரிந்தவர்கள். யாருக்கு எழுத்து பிடிபடவில்லையோ, யாருக்குப் பத்துக்கு மேல் எண்ண வரவில்லையோ அந்தப் பிள்ளை மணி அடிக்கும்வரை முதல் வேலையிலேயே நிற்கும். ஓராண்டு முழுக்க அந்தப் பிள்ளை மூலைப் பக்கம் வந்திருக்காது. பொருள் மிகவும் தேவைப்படுகிற பிள்ளைக்குப் பொருள் போய்ச் சேராமல் நாமே கதவைச் சாத்துகிறோம்.

என் அறையில் மூலைக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறேன், பரிசாகக் கொடுப்பதில்லை. மதியச் சாப்பாடு முடிந்து வந்ததும் இருபத்தைந்து நிமிடம் எல்லோருக்கும் அதுதான் வேலை. ஒரு குழு ரேக்கிலும், ஒரு குழு கீழ்க் கரும்பலகையிலும், ஒரு குழு புத்தகத்தோடு வெளித் திண்ணையிலும் இருக்கும். மறுநாள் மாறும். அந்த நேரத்தில் நான் பாடம் நடத்துவதில்லை. பின்தங்கிய நான்கைந்து பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துவிடுவேன். பாடவேளை போகிறதே என்று முதலில் சக ஆசிரியர்கள் கேட்டார்கள். சாப்பிட்டு வந்த அரை மணி நேரத்தில் எந்தப் பாடம்தான் ஏறுகிறது?

ஒரு காட்சியைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் 32இல் 17 போனால் 25 என்று எழுதிக்கொண்டே இருந்தாள். ஏழில் இரண்டு போனால் ஐந்து, மூன்றில் ஒன்று போனால் இரண்டு. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறாள், அவ்வளவுதான். கரும்பலகையில் ‘கடன் வாங்கு’ என்று எத்தனை தடவை போட்டுக் காட்டினாலும் தலையை ஆட்டிவிட்டு மறுபடி 25. மூலையில் ஈர்க்குச்சிக் கட்டுகள் இருந்தன, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டவை. மூன்று கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் எடுத்து வைத்தாள். பதினேழைக் கொடு என்றேன். ஒரு கட்டை நகர்த்தினாள். ஏழு உதிரி வேண்டும், கையில் இரண்டுதான். என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள், “இதை அவிழ்க்கலாமா டீச்சர்?” என்று கேட்டாள். அவிழ்த்தாள். பன்னிரண்டு உதிரியிலிருந்து ஏழை எண்ணிக் கொடுத்தாள். மிச்சம் ஒரு கட்டு, ஐந்து குச்சி. ரப்பர் பேண்டைக் கையில் மாட்டிக்கொண்டே நோட்டில் 25ஐ அடித்துவிட்டுப் 15 என்று எழுதினாள்.

அந்தப் பெண் முடித்தவர்கள் வரிசையில் ஒருநாளும் வந்திருக்க மாட்டாள்.

தேவதாரு

நியாயம்தான். மதியம் நேரம் ஒதுக்கிப் பார்க்கிறேன். ஆனால் தொலைவதற்கு என்ன வழி? அதைச் சொல்லுங்கள்.

எழுத்தாணி

மூன்று விஷயம் செய்கிறேன் சார். எல்லாவற்றையும் வெளியே வைப்பதில்லை. ஒரு நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பொருள்தான் ரேக்கில், மற்றவை பீரோவில். பாடம் நகர நகர மாற்றுவேன். புதிதாக ஒன்று வந்தால் பிள்ளைகளே கவனிக்கிறார்கள், ஒன்று காணாமல் போனாலும் அவர்களே கவனிக்கிறார்கள். நாற்பது பொருள் கொட்டிக் கிடந்தால் நமக்கே தெரியாது.

தட்டில் ஒவ்வொரு பொருளின் அடிப்பக்கத்தையும் வைத்து வெள்ளைப் பெயிண்டால் சுற்றி வரைந்துவிட்டேன். மணிச்சட்டத்துக்கு அதன் வடிவம், டப்பாவுக்கு வட்டம். இடம் காலியாக இருந்தால் பளிச்சென்று தெரியும். வீட்டுக்குப் போகும் மணிக்கு முன்னால் இரண்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதைச் சரி பார்க்கிறார்கள். வாரா வாரம் பொறுப்பு மாறும்.

பதிவேட்டுக்கு வருவோம். அட்டை, கொட்டை, குச்சி, ரப்பர் பேண்டு மாதிரித் தேய்ந்து தீரும் பொருளையெல்லாம் எங்கள் எச்.எம். நுகர்பொருள் கணக்கில் தனியாக எழுதச் சொல்லிவிட்டார். ஆண்டுக் கடைசியில் கிழிந்தவற்றைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கழித்துவிடுவார். விலை உயர்ந்தவை மட்டும் நிலையான இருப்பில். அந்த ஒரு கையெழுத்து எனக்குக் கொடுத்த தைரியம் கொஞ்சநஞ்சமில்லை.

ஈராசிரியர்

இந்தப் பதிலை அப்படியே எச்.எம்.மிடம் படித்துக் காட்டினேன். சரி என்றார்.

இன்னொரு சந்தேகம். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் கற்றல் அளவைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையில் இருக்கிறார்களே. ரேக்கின் மூன்று தட்டுக்கும் அந்தப் பெயரே வைத்துவிடலாமா? பகிர்வது சுலபமாக இருக்குமே.

கரும்பலகை

வைக்காதீர்கள் அம்மா. அந்த நிலைகள் நாம் திட்டமிடுவதற்காக உள்ளவை. மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு இன்னும் எழுத்துக் கூட்டத் திணறும் பையனை நினைத்துப் பாருங்கள். ஒன்றாம் வகுப்புத் தம்பியோடு சேர்ந்து அரும்புத் தட்டில் கை வைக்க அவனுக்கு மனம் வருமா? வரவே வராது. மலர்த் தட்டில் புரியாத புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படிப்பது போலப் பாவனை செய்வான். கதைப் புத்தகங்களிலும் நுழை, நட, ஓடு, பற என்று நிலைகள் உண்டல்லவா, அவற்றையும் கலந்தே வையுங்கள். எந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பது உங்கள் மனதில் இருந்தால் போதும், பக்கத்தில் உட்கார்ந்து கையில் எடுத்துக் கொடுத்துவிடலாம்.

சிறப்புப் பயிற்றுநர்

மாற்றுத்திறன் பிள்ளைகளை வைத்துச் சில வார்த்தைகள். மூலை அமைக்கும்போதே இதையும் சேர்த்து யோசித்தால் செலவு ஒன்றும் கூடாது, பின்னால் திருத்தத்தான் கஷ்டம்.

எல்லோரும் அட்டையை லாமினேஷன் செய்கிறார்கள். பார்வை குறைந்த பிள்ளைக்கு ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளக்கும் அட்டையில் ஒன்றும் தெரியாது. பளபளப்பு இல்லாத கெட்டி அட்டையில், வெளிர் மஞ்சள் பின்னணியில் கறுப்பில் பெரிதாக எழுதுங்கள். தடித்த கோடு, இரண்டு அங்குல எழுத்து. சுற்றிலும் பூ, கொடி வரைந்து அழகுபடுத்த வேண்டாம், எழுத்து எங்கே முடிகிறது, பூ எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் பிள்ளை தடுமாறும்.

உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி வையுங்கள். விரலால் தடவித் தடவி வடிவத்தைப் பிடிக்கலாம். 1939இல் அடையாறுக்கு வந்து போர்க் காலத்தை இந்தியாவிலேயே கழித்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி பரப்பிய பழைய உத்திதான் இது. தமிழ் எழுத்தின் சுழிகளுக்கு நன்றாகவே பொருந்துகிறது. ‘ண’, ‘ன’ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தடவச் சொன்னால் சுழியை விரலே எண்ணிவிடும். எந்தப் பக்கம் தொடங்க வேண்டும் என்பதற்கு ஒரு பொத்தானை ஒட்டிவிடுங்கள். இதைப் பார்வைக் குறைவுள்ள பிள்ளைக்கென்று ஒதுக்காதீர்கள், ஒன்றாம் வகுப்பில் எல்லோரும் ஆசையாக எடுப்பார்கள்.

பிடிமானம் குறைந்த பிள்ளைக்கு மெல்லிய அட்டையைத் தரையிலிருந்து எடுப்பதே பெரும்பாடு. அட்டையின் பின்னால் ஒரு பாட்டில் மூடியை ஒட்டினால் பிடி கிடைத்துவிடும். ரேக்குக்கும் பாய்க்கும் நடுவே சக்கர நாற்காலி திரும்ப இடம் விடுங்கள். இப்போது அப்படி ஒரு பிள்ளை உங்கள் பள்ளியில் இல்லாவிட்டாலும் விடுங்கள்.

சூளைப்பள்ளி

நான் திருவள்ளூர் பக்கம். செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகள் பருவத்துக்கு வந்து பருவத்தில் போய்விடுவார்கள். வகுப்பில் வாயே திறக்காமல் இருந்த பிள்ளைகள்.

ப்ரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை பல மொழிகளில் இருக்கிறது. இலவசமாகப் பதிவிறக்கி அச்சிடலாம், திறந்த உரிமம். ஒரே கதையின் ஒடியா வடிவத்தையும் தமிழ் வடிவத்தையும் அச்சிட்டு, இடப் பக்கம் ஒடியா, வலப் பக்கம் தமிழ் என்று சேர்த்துத் தைத்துவிட்டேன். படம் இரண்டுக்கும் ஒன்றே. சூளைப் பிள்ளைகளில் பெரியவள் ஒருத்திக்கு ஒடியா படிக்கத் தெரியும். அவள் படிக்க, நம் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து வலப் பக்கத்தைப் படிக்க, ஒரு வாரத்தில் அந்தப் புத்தகம் நைந்துவிட்டது. வேறு பிரதி எடுத்தேன். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் எல்லையோரப் பள்ளிகளிலும் இதைச் செய்யலாம்.

ஆறாம்வகுப்பு

நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர். பெரிய பிள்ளைகளுக்கும் மூலை வேண்டும், அதைத் தொடக்கப் பள்ளியோடு நிறுத்திவிடுகிறோம். என் ரேக்கில் இருப்பவை: உருப்பெருக்கும் கைலென்ஸ், காந்தம், பேட்டரி, ஒயர், டார்ச் பல்பு, கண்ணாடித் துண்டுக்குப் பதில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள். எளிய பொருட்களில் அறிவியல் பொம்மைகள் செய்யக் கற்றுத்தரும் அர்விந்த் குப்தா காட்டிய தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப் மாதிரிகளைப் பிள்ளைகள் கூட்டமாகச் செய்கிறார்கள். முக்கோணம் ஏன் அசையாது, சதுரம் ஏன் நசுங்குகிறது என்பதைக் கையில் பிடித்தே தெரிந்துகொள்கிறார்கள். தீக்குச்சியின் மருந்தைச் சுரண்டிவிட்டுக் கொடுங்கள். உடையும் பாதரசத் தெர்மாமீட்டரை மட்டும் வெளியே வைக்காதீர்கள்.

எஸ்எம்சி_அப்பா

நான் ஆசிரியர் இல்லை, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். என் இரண்டு பிள்ளைகளும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். தச்சு வேலை என் தொழில்.

டீச்சர்மார் கைக்காசு போட்டே எல்லாம் செய்வதைப் பார்த்து எங்களுக்குச் சங்கடமாக இருக்கும். குழுக் கூட்டத்தில் கேளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் வரும் பள்ளி மானியம் 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 100 பிள்ளைகள் வரை 25,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும், சின்னச் சின்னப் பழுதும் அதிலேயே. மிச்சத்தில் மூலைக்கு இவ்வளவு என்று தீர்மானம் போட்டால் எழுதி எடுக்க வழி பிறக்கும். தொடக்கப் பள்ளி நூலகத்துக்கு 5,000 ரூபாய் தனி. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணையிலேயே ஒவ்வொரு வகுப்புக்கும் கற்பித்தல் பொருள், பள்ளிக்கு ஒரு நூலகம், அதில் நாளிதழ், இதழ், கதைப் புத்தகம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. இது யாரிடமும் கையேந்திக் கேட்கும் விஷயம் இல்லை.

பணத்தைவிட ஆள் கிடைப்பது எளிது. உடைந்த பெஞ்சுகளை அப்புறப்படுத்தினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே போட்டிருக்கிறீர்கள்? பழைய பெஞ்சுப் பலகை பெரும்பாலும் நல்ல மரம். மூன்றடி உயரத்துக்கு இரண்டு தட்டு வைத்த ரேக் அதிலேயே வரும். முனைகளை இழைத்து உருட்டிவிடுங்கள், ஆணித் தலை வெளியே தெரியாமல் உள்ளே அடித்து மூடச் சொல்லுங்கள். உங்கள் ஊரிலும் ஒரு தச்சர் இருப்பார், அவர் பிள்ளையோ பேரனோ உங்கள் பள்ளியில்தான் படித்துக்கொண்டிருக்கும்.

ஈராசிரியர்

பெஞ்சுகள் சமையல் கூடத்துக்குப் பின்னால் கிடக்கின்றன, விறகாகவில்லை. நீங்கள் சொன்ன மாதிரியே ஒருவர் கிடைத்தார், முதல் வகுப்புப் பிள்ளையின் தாத்தா. கூலி வாங்க மறுத்துவிட்டார், மரச் சாமானுக்கு மட்டும் தீர்மானத்தில் எழுதினோம்.

மூலை இப்போது நடக்கிறது. மரத் தட்டில் வடிவம் வரைந்தாயிற்று, படம் ஒட்டியாயிற்று, கீழ்க் கரும்பலகைக்குக் கறுப்பு பூசியாயிற்று. மதிய நேரம் ஆரம்ப நாட்களில் ஒரே இரைச்சல். பக்கத்து அறையிலிருந்து எச்.எம். எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிள்ளைகள் எதையும் படிக்காமல் எல்லாவற்றையும் எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். தொட்டுப் பார்க்கும் ஆசை தீரட்டும் என்று விட்டுவிட்டேன். அதன் பிறகு தானாகவே ஒவ்வொருவரும் ஒரு பொருளோடு உட்கார ஆரம்பித்தார்கள்.

எதிர்பாராத ஒன்று. எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் ஒரு டப்பாவில் அட்டையாக எழுதிப் போட்டிருந்தேன், வருகைக்காக. ரேக்கில் அதிகம் தேய்ந்திருப்பது அதுதான். தன் பெயரை எடுக்கிறார்கள், அப்புறம் நண்பனின் பெயர், தங்கையின் பெயர். பெயருக்குள் ஒரே எழுத்து இருப்பதைத் தேடிப் பிடித்துச் சேர்த்து வைக்கிறார்கள். அம்மா பெயரும் எழுதித் தரச் சொல்லி வரிசையில் நிற்கிறார்கள்.

கைப்பொம்மைக் கூடையைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரும் சீண்டுவதில்லை.

பனையோலை

ஒரு பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டித் திரை கட்டி மேடை மாதிரிப் பக்கத்தில் வையுங்கள். பொம்மைக்கு மேடை வேண்டும். ஒளிந்துகொள்ள இடம் கிடைத்தால் வகுப்பில் பேசாத பிள்ளைகூட பொம்மைக்காகப் பேசும். அதுவும் சரிவரவில்லை என்றால் பீரோவில் போட்டுவிட்டு அடுத்த பருவத்தில் எடுங்கள்.

எஸ்எம்சி_அப்பா

கதைப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுக்கிறீர்களா டீச்சர்? வீட்டில் ஒரு புத்தகம் வந்து கிடந்தால் நாங்களும் புரட்டுவோம்.

ஈராசிரியர்

இந்த வெள்ளிக்கிழமையிலிருந்து கொடுக்கப் போகிறேன் அண்ணா. குழுவில் உள்ள ஒரு அம்மா அரிசிச் சாக்கின் உள்பக்கத்தை வைத்து மழையில் நனையாத பைகள் தைத்துக் கொண்டிருக்கிறார். பிள்ளையே நோட்டில் தன் பெயரையும் புத்தகத்தின் பெயரையும் எழுதும், எழுத வராத பிள்ளை அட்டைப் படத்தை வரைந்துவிட்டு எடுத்துப் போகும். திங்கட்கிழமை திரும்பி வர வேண்டும். கிழிந்தால் அபராதம் இல்லை, திங்கள் மதியம் பசையோடு உட்கார்ந்து சேர்ந்து ஒட்டுவோம் என்று சொல்லியிருக்கிறேன். மைதா பசைதான், மயில்துத்தம் இல்லாமல்.